உட்காராத விலை

காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தால் இரண்டில் ஒன்று. சொந்தத்தில் யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் விலையை மாற்றியிருக்க வேண்டும். சாவுச் செய்தி வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அவர் வாரத்துக்கு இரண்டு தடவை அடிப்பார்.

"அண்ணே, எந்திரிச்சிட்டீங்களா?"

"இப்ப எந்திரிச்சிட்டேன்."

"நேத்து அந்த நாகத்துப் படத்துக்குப் பன்னெண்டாயிரம் வெள்ளின்னு சொன்னேன்ல? உட்காரலண்ணே. பதினொண்ணுக்கு மேல போகாது. வாலுப் பக்கம் அவசரமா முடிச்சிருக்கான். நான் தலையையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அந்த நாகம் என்னுடையதில்லை. பன்னிரண்டாயிரம் ரிங்கிட் கொடுத்து அதை வாங்குகிறவனும் நானில்லை. ஆனால் விற்கிறவரும் வாங்குகிறவரும் அந்நேரத்துக்குப் போனை எடுக்க மாட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்த முப்பது பேரில் பாதிப்பேர் எட்டு மணிவரை அவருடைய எண்ணை ஊமையாக்கி வைத்திருந்தார்கள். நான் வைக்கவில்லை. "ஏங்க, வைக்க வேண்டியதுதானே?" என்று என் மனைவி போர்வையை இழுத்துக்கொண்டே கேட்பாள். "வேலைக்குப் போக அலாரம் மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லி வைத்தேன். உண்மை என்னவென்றால், என்னிடம் அபிப்பிராயம் கேட்டு யாரும் போன் செய்வதில்லை. அவர் ஒருவர்தான் செய்தார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் ஆறு மணிக்குக் கூப்பிட்டு மாற்றச் சொல்வார். குழுவில் அவரைப் பல்லுக்கா என்பார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர் என்பதால் எனக்குத் தங்கச்சி.

எங்கள் கிறுக்கைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிப் பந்தயம் வைத்து ஆடுகிறார்களே, பூதமும் நாகமும் மந்திரவாதியும் அச்சடித்த அட்டைகள். அந்தப் படம் ஒவ்வொன்றையும் முதலில் யாரோ ஓர் ஓவியர் பலகையில் கையால் வரைந்திருப்பார். இப்போது பாதிப்பேர் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள், அவற்றுக்கு அசலே கிடையாது. பழைய படங்களுக்கு உண்டு. அட்டை லட்சக்கணக்கில் அச்சாகும், அசல் ஒன்றே ஒன்றுதான். அந்த அசலை வாங்கி, வைத்திருந்து, மனசில்லாமல் விற்கிற கூட்டம் நாங்கள். கடை கிடையாது, ஏலம் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, மாதம் ஒரு ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் மாடி. லோரி கம்பெனி முதலாளி ஒருவர், டைல்ஸ் கடை வைத்திருக்கும் சீனர் ஒருவர், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் இரண்டுபேர். எல்லாருக்கும் நடுவில் மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளைம் பார்க்கிற நான். பெட்டாலிங் ஜெயாவில் இருபத்திரண்டு வருடமாக விபத்தில் நசுங்கிய காடிகளின் படத்தைப் பார்த்து இவ்வளவுதான் தரமுடியும் என்று எழுதுகிற வேலை. அதனால் எனக்கும் மதிப்புப் போடத் தெரியும் என்று ஒரு கர்வம் இருந்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இந்த வியாபாரத்தில் விலைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. போன வருடம் இதே ஓவியரின் படம் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் விற்றவர் கூட்டிச் சொல்வார், வாங்கியவர் குறைத்துச் சொல்வார். ஆகவே எல்லாரும் கடைசியில் பல்லுக்காவைத்தான் பார்ப்பார்கள். அவர் அதற்குக் காசு வாங்க மாட்டார். "காசு வாங்கினா அப்புறம் விலையை மாத்த முடியாதுண்ணே" என்பார். கீழே போய் அவருக்கு ஒரு நெய்த்தோசை சொல்லிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

அவர் வேலை பார்த்தது கிள்ளானில், செயற்கைப் பல் செய்யும் ஒரு லேப்பில். முன்பல்லுக்கு நிறம் சேர்ப்பது அவர் பொறுப்பு. ஒருவருடைய பக்கத்துப் பல் என்ன வெள்ளையோ அதே வெள்ளையில் புதுப்பல் செய்யவேண்டும். சிரித்தால் தெரியக் கூடாது. வெள்ளையில் பதினாறு வகை இருக்கிறதாம். அந்தப் பதினாறையும் மாதிரிப் பற்களாக ஒரு பட்டையில் கோத்து வைத்திருப்பார்கள். கைப்பையில் சீப்பு, பவுடர், அந்தப் பல் வரிசை. படத்தை மேசைமேல் வைத்ததும் ஒவ்வொரு பல்லாக அதன்மேல் பிடித்துப் பார்ப்பார். முதல் தடவை பார்க்கிறவர்கள் அரண்டுபோவார்கள். யாரோ ஒரு புதுப் பையனின் பூதப் படத்துக்குப் பக்கத்தில் பல்லைப் பிடித்தபோது, "அக்கா, அதுக்கு ஏற்கெனவே பல்லு இருக்கு" என்றான் அவன். மாடியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து விலை சொல்ல அவருக்கு வராது. மேசையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து படிக்கட்டு, மறுபடி மேசை. சின்ன உருவம், வேகமான நடை, கழுத்தில் தொங்கும் லேப் அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமையும் கழற்றியிருக்க மாட்டார். நாங்கள் சாப்பிட்டு முடித்து இலையை மடக்குவதற்குள் பத்துத் தடவை நடந்திருப்பார். "தங்கச்சி, ஒக்காருங்க, தலை சுத்துது" என்பேன். "விலை ஒக்காரட்டும்ணே, நானும் ஒக்காந்துர்றேன்" என்பார். அச்சடித்த அட்டையைக் கடைசியாகத்தான் கையில் வாங்குவார். மற்றவர்கள் எல்லாரும் முதலில் அட்டையைப் படத்தின்மேல் வைத்து ஒத்துப் பார்ப்போம். அவருக்கு அது பிடிக்காது. "அட்டை பொய் சொல்லும்ணே. கம்பெனிக்காரன் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என்னென்னமோ பண்ணியிருப்பான்."

சொன்ன விலையை மாற்றுகிறவரை யாராவது நம்புவார்களா என்று கேட்கலாம். நம்பினோம். ஒரு தடவை கிள்ளானிலிருந்து ஓர் ஆன்டி வந்தார். மகன் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டான், அறையைக் காலி செய்யும்போது கட்டிலுக்கு அடியில் இந்தப் படம் கிடந்தது என்று பாசார் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இவர் நடந்தார், பல்லைப் பிடித்தார், ஐயாயிரம் என்றார். லோரி கம்பெனி முதலாளி அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துப் படத்தை வாங்கிக்கொண்டார். ஆன்டி எல்லாருக்கும் பாயாசம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஆறு மணிக்கு முதலாளிக்குப் போன். "அண்ணே, அது ஒம்பதாயிரம். பின்னாடி ஓவியரோட பென்சில் குறிப்பு இருந்துச்சு, நான் அதைச் சாதாரணமா எடுத்துட்டேன். மிச்சத்தை ஆன்டிகிட்ட குடுத்துருங்க." முதலாளி குதித்தார். பேசி முடித்த வியாபாரம், கைமாறிய பொருள், என்ன கூத்து இது என்று குழுவில் குரல் பதிவு போட்டுக் கத்தினார். அவர் பதில் கத்தவில்லை. அடுத்தநாள் ஆறு மணிக்கு மறுபடி அடித்தார். அதற்கு அடுத்தநாளும் அடித்தார். நான்காம் நாள் முதலாளி கிள்ளானுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "நியாயத்துக்காகக் குடுக்கல லா, தூக்கத்துக்காகக் குடுத்தேன்" என்று எங்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு முதலாளிகூடப் பல்லுக்கா பேச்சைக் கேட்காமல் எதையும் வாங்கியதில்லை.

இப்போது என் படத்துக்கு வருகிறேன்.

இருட்டும் நேரத்து ஆறு. துடுப்போடு ஒரு படகோட்டி. மேலே கொக்குகள். ஆடுகிறவர்கள் எல்லாரும் அறிந்த அட்டை அது, ஒரு காலத்தில் அது கையில் இருந்தால் பாதி வெற்றி. வரைந்தவர் போலந்துக்காரர், இறந்துவிட்டார். அதன் அசலை ஜெர்மனியில் இருந்த ஒருவரிடமிருந்து நான் வாங்கினேன். குழுவில் சேர்ந்த புதிது. பல்லுக்காவின் வழிமுறையெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பெட்டி வந்து சேர்வதற்கு முன்னாலேயே படகோட்டி வருகிறார் என்று குழுவில் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

பெட்டியைப் பிரித்து அட்டையை ஒத்துப் பார்த்தேன். அட்டையில் மூன்று கொக்கு. படத்தில் இரண்டு.

ஏமாந்துவிட்டேன், எவனோ பார்த்து வரைந்ததை என் தலையில் கட்டிவிட்டான் என்று தோன்றியது. அவரிடம் கேட்டிருக்கலாம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மானம் போகுமே! என் ஆபீசில் எப்படி என்றால், பத்திரத்தில் நான்கு கதவு என்று இருந்தால் காடியிலும் நான்கு கதவு இருக்கவேண்டும். பொருந்தாவிட்டால் கோப்பு நகராது. அந்தப் புத்தியோடு ஒரு காரியம் செய்தேன்.

கிள்ளானில் எங்கள் குடும்பம் போகிற கோயிலில் அப்போது கும்பாபிஷேகத் திருப்பணி. கோபுரத்துச் சிலைகளுக்கு வர்ணம் தீட்ட ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் கை அபாரம்; மயில் கழுத்தை அவர் எழுதுவதை நின்று பார்த்திருக்கிறேன். ஒருநாள் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவந்து அட்டையையும் படத்தையும் காட்டினேன். "ஒரு கொக்கு விட்டுப்போச்சுங்க, போட்டுத் தர முடியுமா?"

"மூக்கு எந்தப் பக்கம் பாக்கணும்ங்க?" என்று மட்டும் கேட்டார். கோபுரத்துக்கு அடிக்கிற வெள்ளையில் கொஞ்சம் கொண்டு வந்திருந்தார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மனைவி அவருக்குக் குடிக்கத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். அவர் போனபிறகு படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு?" என்றாள். எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது.

எட்டு மாதம் போயிருக்கும். மாடியில் வேறு யாரோ ஒரு கோட்டைப் படத்தைக் கொண்டு வந்திருந்தார்கள். அட்டையில் கொடி இருக்கிறது, படத்தில் கொடி இல்லை, இது போலியா என்று கவலை. அவர் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே சொன்னார்:

"கொடி இல்லாததுதாண்ணே நல்லது. கொடியை அச்சுக்கு முன்னாடி கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல போட்டுருக்கான். போலி பண்றவன் எதைப் பாத்துப் பண்ணுவான்? அட்டையைப் பாத்துத்தானே? அவன் கண்டிப்பா கொடி போட்டிருப்பான். இல்லாததுதான் இதுக்குச் சாட்சி."

கையிலிருந்த வடை கையிலேயே நின்றுவிட்டது. என் படம் அசல்தான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நானே சாப்பாடு போட்டு, தண்ணீர் கலக்கிக் கொடுத்து அழித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கொக்குத் தலையில வெண்ணெய் வச்சுப் புடிக்கப் போனவன்கூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்" என்றாள். அதோடு அந்தப் பேச்சை மூடிவிட்டோம். விற்கிற எண்ணம் அப்போது இல்லை.

எண்ணம் வந்தது முட்டி வலியால். நாங்கள் இருந்தது கம்போங் மேடான் பக்கத்தில், லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் நான்காவது மாடி. என் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வந்தால் ஒவ்வொரு மாடிக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து வருவாள். ரவாங்கில் ஒரு தமான் குடியிருப்பில் தரைவீடு ஒன்று பார்த்தோம், முன்னால் கொஞ்சம் மண்கூட இருந்தது. முன்பணத்துக்குப் படகோட்டியைக் கொடுத்தால் சரியாக வரும். டைல்ஸ் கடை பாஸ் வெகுநாளாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஷி ஓகே, ஐ ஓகே" என்றார். பல்லுக்கா விலை சொன்னால் அவர் பேரம் பேச மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை படத்தை மாடிக்கு எடுத்துப்போனேன். அவர் நடந்தார். பல்லைப் பிடித்தார். முதல் கொக்கு, இரண்டாவது கொக்கு, மூன்றாவது. திரும்பப் போய் முதல் கொக்கு.

"என்னண்ணே இது, மூணாவதுக்குப் பல்லு சேரலையே."

"ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் கூட விழுது தங்கச்சி."

"இருக்கலாம்" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தார். மூன்றுக்கு மூன்று. "கம்பெனிக்காரன் கை வைக்காத படம் போலருக்கு. நாப்பதாயிரம் சொல்லலாம்."

அன்றைக்கு நெய்த்தோசையோடு அவருக்கு ஒரு பால்கோவாவும் சொன்னேன். சாப்பிடவில்லை, பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிக் கொண்டுபோனார்.

மறுநாள் ஆறு மணி. "அண்ணே, நாப்பது உட்காரல. முப்பத்தஞ்சு." புதன்கிழமை: "நான்தான் தப்பு. நாப்பத்திரெண்டு." அடுத்த வாரம் முப்பது. பிறகு மறுபடி நாற்பது. என்ன காரணம் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. "அந்த மூணாவது கொக்கு என்னைப் பாத்துக்கிட்டே இருக்குண்ணே. மத்த ரெண்டும் பாக்கல." இரண்டு தடவை நான்கு மாடி ஏறி வீட்டுக்கே வந்து பார்த்தார். காலை வெளிச்சத்தில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. டைல்ஸ் கடை பாஸ் பொறுமையாகக் காத்திருந்தார். ரவாங் வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை, இன்னும் இரண்டுபேர் கேட்கிறார்கள் என்று ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு விடியலும் போன் அடித்ததும் எனக்கு ஒரே கேள்விதான். கண்டுபிடித்துவிட்டாரோ? இல்லை. அவர் சந்தேகப்பட்டது என்னை இல்லை. நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பதிலாகத் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதையே பிடித்துக்கொண்டேன். ஒருநாள் காலை ரொம்பப் பரிவோடு, "தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க, கண்ணு டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிப் பாருங்களேன்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

காட்டினார். கண்ணில் ஒன்றுமில்லை என்றார்களாம். நம்பாமல் வேறு இடத்தில் காட்டிக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதத்து ஞாயிறு மாடிக்குக் கண்ணாடியோடு வந்தார். மூக்கில் தழும்பு விழுந்திருந்தது. ஒரு சூனியக்காரிப் படத்துக்கு விலை கேட்டார்கள். நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் "தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

பிறகு ஒரு காலை. எட்டு மணி இருக்கும், அவர் வழக்கமாக அடிக்கிற நேரமில்லை. நான் காலணி மாட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பசியாறிட்டீங்களாண்ணே?"

"ஆச்சு. என்ன தங்கச்சி, இந்நேரம்?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான். லேப்புல என்னை மாத்திட்டாங்க. முன்பல்லு இனிமே வேற ஆளு பாக்கும். எனக்குக் கடவாப்பல்லு."

"ஏன்?"

"நான்தாண்ணே. ஒரு பல்லைச் செஞ்சா வெளிய அனுப்ப மாட்டேங்குறேன். நெறம் சேந்துச்சா சேரலையான்னு தெரிய மாட்டேங்குது. ஒவ்வொண்ணையும் ரெண்டு வாட்டி செய்யுறேன். பாஸ் எவ்ளோ நாளைக்குத்தான் பொறுப்பாரு, சொல்லுங்க? கடவாப்பல்லு பரவால்ல. உள்ள இருக்குறத யாரு பாக்கப் போறா?"

சிரித்தார். நானும் ஏதோ சொல்லிவைத்தேன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மனைவி அடுப்படி வாசலில் நிற்கிறாள்.

"அந்தப் பொண்ணு கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களா?"

"வீடு வேணாமா ஒனக்கு?"

"வேணும்" என்றாள். "என்னைவிட யாருக்கு வேணும்? என் முட்டிக்குக்கூட டாக்டர் மருந்து எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க அந்தப் பொண்ணுக்குப் பண்ணியிருக்குறதுக்கு என்ன மருந்து இருக்கு?"

உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு வாரம் ஓட்டினேன். அந்த இரண்டு வாரத்தில் அவர் குழுவில் ஒரு செய்தி போட்டார்: இனிமேல் நான் யாருக்கும் விலை சொல்லவில்லை, என் கண் சரியில்லை, போன வருடம் சொன்ன விலைகளையும் நம்பவேண்டாம், மன்னிக்கவும். கை கூப்பிய படம் இரண்டு. அதைப் பார்த்த ஒருமணி நேரத்தில் டைல்ஸ் கடை பாஸ் எனக்கு அடித்தார். இனி யாருக்காகவும் காத்திருப்பதில் அர்த்தமில்லை, அவர் கடைசியாகச் சொன்ன நாற்பதுக்கே எடுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கொண்டுவா என்றார்.

வீடு கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். முழுசாக ஒரு மணி நேரம். ரவாங் வீட்டுக்காரருக்குக்கூட ஒரு செய்தி தட்டினேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற மணி நேரங்களைக் கணக்கெடுத்தால் அதுதான் முதலில் வரும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் பல்லுக்காவுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னண்ணே? யாருக்கும் ஏதும் ஆயிடுச்சா?"

"தங்கச்சி, அந்த மூணாவது கொக்கு நான் போட்டது. கோயில்ல கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வந்தவரைக் கூட்டிட்டு வந்து போட வச்சேன். அசல்ல ரெண்டுதான்."

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

"எப்பண்ணே போட்டீங்க?"

"நீங்க பாக்குறதுக்கு முன்னாடியே."

"அப்ப மொத நாளு நான் பல்லு சேரலன்னு சொன்னப்ப..."

"தெரியும்."

"கண்ணு டாக்டர்கிட்ட போகச் சொன்னப்ப?"

"தெரியும் தங்கச்சி."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

மாடிக்கு அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார், கண்ணாடி இல்லாமல். நான் படத்தை மேசைமேல் வைத்து டைல்ஸ் கடை பாஸிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். பாஸ் முதலில் நம்பவில்லை. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ பிரதர், டூ பேர்ட்ஸ், ஐ பே யூ மோர் லா!" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்றாவது கொக்கைச் சுரண்டி எடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். சுரண்டினால் அடியிலிருக்கும் வானமும் போய்விடும் என்று வேறு யாரோ சொன்னார்கள். லோரி முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் கீழே சாப்பிடப் போய்விட்டார்.

பல்லுக்கா பல் வரிசையை எடுத்தார். முதல் கொக்கு. இரண்டாவது. மூன்றாவதில் ஒவ்வொரு பல்லாகப் பிடித்துப் பதினாறையும் முடித்தார். ஒன்றும் சேரவில்லை. "என் கண்ணு நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்துத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அழுகையும் சிரிப்புமாக இருந்தார். எனக்கு அவர் காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. அதைச் செய்யாமல், என்ன ஜென்மமோ தெரியவில்லை, நான் கேட்டேன்:

"இப்ப இதுக்கு என்ன விலை வரும் தங்கச்சி?"

அவர் நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே, படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், "எட்டாயிரம்" என்றார்.

"கொஞ்சம் நிதானமா பாத்துச் சொல்லுங்க. ஒருநாள் ரெண்டுநாள் ஆகட்டும்."

"மத்தவங்க படத்துக்குத்தாண்ணே நான் முழிச்சுக் கெடந்து யோசிப்பேன். உங்களுக்கு இனிமே ஒரு தடவைதான்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மேசையில் அவருக்குச் சொன்ன நெய்த்தோசை இருந்தது, யாரும் தொடவில்லை.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. போனைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆறு ஆனது. ஆறேகால் ஆனது. மனைவியும் தூங்கவில்லை. எழுந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ரவாங் வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். நாங்கள் இன்னும் நான்காவது மாடியில்தான் இருக்கிறோம். எட்டாயிரத்துக்குக்கூட அந்தப் படத்தை நான் யாரிடமும் காட்டவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிறது. போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் காடி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது லோரி முதலாளியைப் பார்த்தேன். குழுவைவிட்டு நான் விலகிய பிறகு அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் நின்று பேசினார். பல்லுக்கா மறுபடி விலை சொல்கிறாராம். லேப்பில் மறுபடி முன்பல்லுக்கே போட்டுவிட்டார்களாம்.

"ஆனா திருந்தல லா" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இன்னிக்கும் ஆறு மணிக்கு அடிச்சு, அண்ணே அது உட்காரலன்னு உயிரை எடுத்துருச்சு. மூணு நாளா இதே கூத்து. ஒங்களுக்கு இப்பல்லாம் அடிக்கிறதில்லையா?"

"இல்லை" என்றேன்.

"குடுத்து வச்சவருய்யா நீங்க" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.